ஐஸை உருக்கும் உப்பே குல்பியை உறைய வைக்கிறது!

புது தில்லி: வானிலை இலாகாவின் தலைமையகமான மௌசம் பவன் இருப்பது லோதி ரோட்டில். அருகே சப்தர்ஜங்கில் பதிவான மிகக் குறைந்த உஷ்ணநிலை மைனஸ் 0.6 டிகிரி, அது 1935 ஜனவரி 16-ல். ஆனால் அதைவிடக் கடுங்குளிர், சித்திரை வெயிலிலும் தலைநகரின் தெருக்களில் வலம் வருகிறது. குல்பி வண்டியின் மண்பானைக்குள்தான்!

பானை நிறைய ஐஸ் துண்டுகள்; மேலே கல்லுப்பு. நடுவே, சுண்டக் காய்ச்சிய பாலை அடைத்த தகரக் குப்பிகள். உப்பு பட்ட ஐஸ் உருகுகிறது; பாலோ கல்லாக உறைகிறது. இது எப்படி?

ஐஸின் மேல் எப்போதும் மெல்லிய நீர்ப்படலம் உண்டு. ஐஸிலிருந்து நீரின் நுண்துகள்கள் பிரிந்து இதில் சேரும். திரும்பப் போய் ஒட்டவும் செய்யும். பூஜ்யம் டிகிரியில் வரவும் செலவும் சமம். படலத்தில் உப்பு கரைந்தால், திரும்ப ஒட்டுவது குறைகிறது, பிரிவது குறைவதில்லை. எனவே ஐஸ் உருகுகிறது.

உருகுவதற்கு உஷ்ணம் வேண்டும். ஒரு கிராம் ஐஸுக்குச் சுமார் 80 கலோரி. உப்பு இதைத் தருவதில்லை. ஐஸ் அதைத் தன்னிடமிருந்தும் பக்கத்திலுள்ள பாலிலிருந்தும் உறிஞ்சுகிறது. மூன்று பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு உப்பு கலந்தால் மைனஸ் 21 டிகிரி வரை இறங்கலாம். அதற்குக் கீழே சாதாரண உப்பால் போக முடியாது.

மேல்நாடுகளில் சாலைப் பனியை அகற்ற உப்புத் தூவுவதும் இதே தத்துவம்தான். அங்கே வேண்டிய உஷ்ணத்தைத் தரையும் காற்றும் தருகின்றன. மைனஸ் 10 டிகிரி நெருங்கினால் உப்பின் வேலை மந்தமாகிவிடும். குளிர்கால இரவுகளில் மைனஸ் 20-க்கும் கீழே போகும் லடாக்கின் திராஸ் போன்ற இடங்களில் அதை நம்பிப் பயனில்லை. அத்தகைய குளிருக்குக் கால்சியம் குளோரைடு போன்ற வேறு உப்புகள் உண்டு. வாகனங்களையும் பாலத்து இரும்பையும் உப்பு துருப்பிடிக்கச் செய்வது வேறு தொல்லை.

லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் இதை வீட்டிலேயே சோதிக்கலாம். எவர்சில்வர் டம்ளரில் ஐஸும் உப்பும் போட்டுக் கரண்டியால் கிளறினால், சற்று நேரத்தில் டம்ளரின் வெளிப்புறம் வெண்மையாகப் பனி பூக்கும்.

ஒன்றை மறக்கக் கூடாது. வெறும் ஐஸ் பூஜ்யம் டிகிரி. உப்புக் கலந்த ஐஸ் அதைவிடப் பல டிகிரி கீழே. வெறுங்கையால் அதைப் பிடித்தால், சில நிமிடங்களில் தோல் உறைந்து, தீப்பட்டது போலக் கொப்புளிக்கும். முதலில் மரத்துப் போவதால் வலி தெரியாது, அதுவே ஆபத்து. சுளுக்குக்கு ஐஸ் ஒத்தடம் கொடுப்பவர்களும் அதில் உப்புப் போடக் கூடாது. துணியில் சுற்றிய வெறும் ஐஸே போதும். நாள் முழுதும் பானைக்குள் கைவிடும் குல்பித் தொழிலாளிக்கு ஒரு ஜோடி ரப்பர் கையுறை ஆடம்பரமல்ல, அவசியம்.