வைரம் வாங்கப் போகிறீர்களா?

ஒரு சவரன் தங்கத்தை விலை பேசி வாங்குவதற்கு நம் இல்லத்துப் பெண்மணிகளுக்கு எவரும் பாடம் சொல்லித் தர வேண்டியதில்லை. அன்றைய விலை என்ன, செய்கூலி எவ்வளவு, சேதாரம் எத்தனை சதவீதம், 916 முத்திரை எங்கே இருக்கிறது என்று கேட்டுக் கடைக்காரரையே திணற வைத்துவிடுவார்கள். ஆனால், அதே பெண்மணிகள் வைர நகைகள் இருக்கும் பகுதிக்குச் சென்றதும் மௌனமாகிவிடுகிறார்கள். கல் பளிச்சென்று மின்னுகிறது. விற்பவரும் இனிமையாகப் பேசுகிறார். சரி என்று பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள்.

அந்தப் பணம், குடும்பத் தலைவர் வளைகுடா வெயிலில் பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்ததாக இருக்கலாம். அந்த நகை, மணமகன் மஹராகத் தரும் பொருளாக இருக்கலாம். எனவே, வைரத்தைப் பற்றிச் சில அடிப்படைச் செய்திகளையேனும் நாம் அறிந்துகொள்வது அவசியம்.

ஹைதராபாத் நிஜாம் மஹ்பூப் அலீ கான் வாங்கிய ஏறத்தாழ 185 காரட் எடையுள்ள 'ஜேக்கப்' வைரம், அவருடைய பழைய காலணி ஒன்றின் நுனியில் மறந்து கிடந்தது என்பர். அவருடைய மகன் உஸ்மான் அலீ கான் அதை எடுத்து, மேசைமீது காகிதங்கள் பறக்காமலிருக்க வைத்திருந்தாராம். பின்னர் 1995ஆம் ஆண்டு இந்திய அரசு நிஜாமின் நகைகளோடு அதனையும் விலை கொடுத்து வாங்கியது. மதிப்பை நினையாத இடத்தில் வைரமும் கூழாங்கல்லாகவே கிடக்கும் என்பதற்கு இது ஒரு சான்று. அந்த மதிப்பு எதில் அடங்கியிருக்கிறது என்று பார்ப்போம்.

நான்கு அளவுகோல்கள்

எடை, நிறம், தூய்மை, பட்டை ஆகிய நான்கையும் கொண்டே வைரத்தின் விலை தீர்மானிக்கப்படுகிறது.

முதலில் எடை. ஒரு காரட் என்பது 200 மில்லிகிராம். அதாவது, 5 காரட் சேர்ந்தால் ஒரு கிராம். ஒரு காரட்டில் 100 சென்ட் உண்டு. தங்கத்தின் தரத்தைக் குறிக்கும் 22 காரட், 18 காரட் என்பது வேறு. வைரத்தின் எடையைக் குறிக்கும் காரட் வேறு. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒரே தரத்தில் ஒரு காரட் எடையுள்ள ஒற்றைக் கல்லின் விலை, அரைக் காரட் கற்கள் இரண்டின் விலையைவிட அதிகமாகவே இருக்கும். பெரிய கல் அரிது என்பதே காரணம். ஆகவே, "மொத்தம் ஒரு காரட் வைரம்" என்று விளம்பரத்தில் கண்டால், அது ஒற்றைக் கல்லா, ஐம்பது பொடிக் கற்களா என்று கேளுங்கள். இன்னொரு நுட்பமும் உண்டு: முழு ஒரு காரட் கல்லைக் காட்டிலும் 95 சென்ட் கல்லின் காரட் விலை குறைவாக இருக்கும், அணிந்த பின் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது.

இரண்டாவது, நிறம். நிறமற்ற வைரங்களை ஆங்கில எழுத்துகளான டி முதல் இசட் வரை தரம் பிரிக்கிறார்கள். டி என்பது முற்றிலும் நிறமற்றது. இசட்டை நெருங்க நெருங்க மஞ்சள் சாயல் கூடும். மஞ்சள் தங்கத்தில் பதிக்கும் கல்லுக்கு ஜி, எச் தரமே போதும்; தங்கத்தின் நிறமே கல்லில் தெரியுமாதலால் டி தரத்துக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீண். வெள்ளைத் தங்கத்திலோ பிளாட்டினத்திலோ பதிப்பதானால் சற்று மேலான நிறம் நல்லது.

மூன்றாவது, தூய்மை. பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியால் நோக்கி, உள்ளே இருக்கும் புள்ளி, கீறல், மேகம் ஆகியவற்றை மதிப்பிடுகிறார்கள். வி.வி.எஸ்., வி.எஸ்., எஸ்.ஐ., ஐ என்று தரம் இறங்கிவரும். வெறும் கண்ணுக்குக் குறை தெரியாத வி.எஸ். தரமோ, நல்ல எஸ்.ஐ. தரமோ இல்லற உபயோகத்துக்கு ஏற்றவை.

நான்காவது, பட்டை. இதைத்தான் நாம் அதிகம் கவனிப்பதில்லை. ஆனால், வைரத்தின் ஒளி முழுவதும் இதில்தான் இருக்கிறது. வட்டமாகப் பட்டை தீட்டிய கல்லில் 57 அல்லது 58 முகங்கள் இருக்கும். அளவு சரியாக அமைந்தால் மேலே விழும் ஒளி உள்ளே திரும்பி மீண்டும் மேல்வழியாகவே வெளிப்படும். கல் தட்டையாக இருந்தாலும், அளவுக்கு மீறி ஆழமாக இருந்தாலும் ஒளி அடியிலும் பக்கவாட்டிலும் ஒழுகிப் போய்விடும். எடை குறையாமலிருக்க வேண்டுமென்றே ஆழமாக விடப்படும் கற்களும் உண்டு. ஒரு காரட் எடையுள்ள வட்டக் கல் ஏறத்தாழ 6.5 மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும். அதைவிட வெகுவாகக் குறைந்தால், நீங்கள் பணம் கொடுப்பது கண்ணுக்குத் தெரியாத அடிப்பாகத்துக்கு என்று பொருள்.

ஜாகர் என்னும் பெயர்

நம் பாட்டிமார்கள் 'புளூ ஜாகர்' வைரத்தோட்டைப் பெருமையுடன் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கத்தின் பெயரிலிருந்து வந்த சொல் அது. அங்கே கிடைத்த வெண்மையான கற்கள் பலவற்றில், சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர் பட்டதும் மெல்லிய நீலம் ஒளிரும். அச்சுரங்கம் 1971ஆம் ஆண்டு மூடப்பட்டுவிட்டது. இன்றோ எந்தச் சுரங்கத்துக் கல்லாயினும் நீலச் சாயல் இருந்தால் அதற்கு அப்பெயரைச் சூட்டிவிடுகிறார்கள். நீல ஒளிர்வு குறையன்று. ஆனால், அது மிகுந்தால் சில கற்கள் பால் கலந்ததுபோல் மங்கித் தோன்றும். பெயருக்காக விலை கொடுக்காமல், கல்லை வெயிலிலும் நிழலிலும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

வண்ண வைரங்கள்

வைரம் என்றால் வெள்ளை என்றே பலரும் எண்ணுகிறோம். மஞ்சள், பழுப்பு, இளஞ்சிவப்பு, நீலம், பச்சை, சிவப்பு எனப் பல வண்ணங்களிலும் இயற்கை வைரங்கள் உள்ளன. வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் 1958 முதல் இருந்துவரும் 45.52 காரட் 'ஹோப்' நீல வைரம், நம் நாட்டுக் கோல்கொண்டாப் பகுதியின் கொல்லூர்ச் சுரங்கத்தில் கிடைத்ததாகவே கருதப்படுகிறது. ஈரான் அரச பொக்கிஷத்தில் உள்ள 'தர்யாயே நூர்' இளஞ்சிவப்பு வைரமும் இந்திய மண்ணின் கல்லே.

வண்ணம் வருவதற்குக் காரணங்கள் உண்டு. நைட்ரஜன் கலந்தால் மஞ்சள். போரான் கலந்தால் நீலம். பூமிக்கடியில் இயற்கையான கதிரியக்கம் பட்டால் பச்சை. இளஞ்சிவப்பும் சிவப்பும், பூமிக்குள்ளே பேரழுத்தத்தால் கல்லின் உட்கட்டமைப்பு சற்றே நெளிந்ததால் வருபவை. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆர்கைல் சுரங்கமே உலகின் இளஞ்சிவப்பு வைரங்களில் பெரும்பகுதியைத் தந்துவந்தது. 2020ஆம் ஆண்டு நவம்பரில் அதுவும் மூடப்பட்டது. 59.60 காரட் எடையுள்ள 'பிங்க் ஸ்டார்' வைரம் 2017இல் ஹாங்காங்கில் 7 கோடியே 12 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

அத்தகைய கற்கள் நமக்கு எட்டாதவை. நடுத்தரக் குடும்பத்தினர் வண்ண வைரம் விரும்பினால் மஞ்சளும் பழுப்புமே ஏற்றவை. பழுப்புக் கற்களை 'ஷாம்பெய்ன்', 'காக்னக்' என்ற வணிகப் பெயர்களில் விற்பார்கள். பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம். அது பழுப்பு வைரமே.

வண்ண வைரத்தைத் தேர்ந்தெடுக்கும் முறை வேறு. இங்கே நிறமே முதன்மை; தூய்மை அடுத்ததுதான். நிறமற்ற கல்லைக் கவிழ்த்து வைத்துத் தரம் பார்ப்பார்கள். வண்ணக் கல்லை நிமிர்த்தி, அதன் முகம் பார்த்தே தரம் சொல்வார்கள். 'ஃபேன்ஸி லைட்', 'ஃபேன்ஸி', 'ஃபேன்ஸி இன்டென்ஸ்', 'ஃபேன்ஸி விவிட்' என்று நிறம் செறியச் செறிய விலை ஏறும். மஞ்சள் வைரத்தை மஞ்சள் தங்கத்தில் பதித்தால் நிறம் செழித்துத் தோன்றும். கடையின் மின்விளக்கில் மட்டும் பார்க்காதீர்கள். வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்திலும் பாருங்கள்.

அனைத்துக்கும் மேலாக ஒரு கேள்வி: "இந்த நிறம் இயற்கையானதா?" மங்கலான கற்களைக் கதிரியக்கத்துக்கு உட்படுத்தியும், பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வைத்தும், மேலே மெல்லிய பூச்சு கொடுத்தும் நிறமேற்றும் முறைகள் நடைமுறையில் உள்ளன. சந்தையில் விற்கும் கறுப்பு வைரங்களில் பெரும்பாலானவை இவ்வாறு நிறமேற்றப்பட்டவையே. சொல்லி விற்றால் அதில் தவறில்லை. ஆனால் விலை மிகக் குறைவாக இருக்க வேண்டும்.

சுரங்கத்துக் கல்லும் ஆய்வகத்துக் கல்லும்

இன்று நம் முன்னுள்ள பெரிய குழப்பம் இதுதான். 1954ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தார் ஆய்வகத்தில் வைரத்தை உருவாக்கிக் காட்டினர். இன்று நகைக்குரிய பெரிய கற்களே சில வாரங்களில் வளர்க்கப்படுகின்றன. இவை போலி அல்ல; உண்மையான வைரங்களே. அதே கரிமம், அதே கடினம், அதே ஒளி. பூமிக்கடியில் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் உருவான கல்லுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணாலோ, கடையிலுள்ள பேனா போன்ற கருவியாலோ அறிய இயலாது; தக்க ஆய்வகமே சொல்ல முடியும்.

ஆனால், விலையில் பெரும் வேறுபாடு உண்டு. ஆய்வக வைரங்களின் விலை அண்மை ஆண்டுகளில் வெகுவாகச் சரிந்திருக்கிறது. அழகுக்காக மட்டும் அணிவோர் அதனை வாங்குவதில் பிழையில்லை. அதை இயற்கை வைரமென்று எண்ணி, அந்த விலையைக் கொடுத்து வாங்குவதே ஏமாற்றம்.

உண்மையிலேயே வைரமல்லாதவையும் உண்டு. 'அமெரிக்கன் டைமண்ட்' என்பது க்யூபிக் ஸிர்கோனியா. 'மாத்தறை வைரம்' என்பது இலங்கையில் கிடைக்கும் நிறமற்ற ஸிர்கான் கல். மாய்ஸனைட் என்பது வேறொன்று. வெப்பத்தைக் கொண்டு சோதிக்கும் கருவி அதையும் வைரமென்றே காட்டிவிடும். ஆகவே கருவி ஒலித்தது என்பதே போதுமான சான்றாகாது.

பட்டியலில் இருக்க வேண்டியவை

தங்கத்திலுள்ள ஹால்மார்க் முத்திரையும் ஆறு எழுத்து எண்ணும் தங்கத்தின் தரத்துக்கு மட்டுமே பொறுப்பு, வைரத்துக்கு அல்ல. வைரத்துக்கு ஜி.ஐ.ஏ., ஐ.ஜி.ஐ. போன்ற ஆய்வகங்களின் தரச்சான்று தேவை. சான்றிதழின் எண், பெரும்பாலும் கல்லின் விளிம்பில் லேசரால் பொறிக்கப்பட்டிருக்கும். கடைக்காரரிடம் உருப்பெருக்கியைக் கேட்டு வாங்கி அதைப் பாருங்கள். ஆய்வகத்தின் இணையதளத்திலும் அந்த எண்ணைச் சரிபாருங்கள். கடை தானே அச்சிட்டுக் கொடுக்கும் அட்டை தரச்சான்றாகாது.

பட்டியலில் இவை தனித்தனியே இருக்க வேண்டும்: தங்கத்தின் நிகர எடை, வைரங்களின் எண்ணிக்கை, காரட் எடை, நிறம், தூய்மை, இயற்கையா ஆய்வகத்தில் வளர்ந்ததா என்ற விவரம், ஏதேனும் பதப்படுத்தல் செய்யப்பட்டதா என்பது, திரும்பக் கொடுத்தால் எவ்வளவு கழிப்பார்கள் என்ற நிபந்தனை. அடிப்பாகம் மூடிய பழைய முறைக் கட்டடத்தில் கல்லின் நிறமும் குறையும் மறைந்துவிடும். அத்தகைய தோடு செய்யச் சொன்னால், பதிப்பதற்கு முன்பே கற்களைத் தனியாகப் பார்த்து எடை போட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வாறு எடைகளைப் பிரித்து எழுதி வாங்குவதில் மார்க்க சம்பந்தமான பயனும் உண்டு. சொந்த உபயோகத்துக்கான வைரத்துக்கு ஜகாத் இல்லை. விற்பனைக்கென வைத்திருந்தால் உண்டு. ஆனால் அணியும் தங்க நகைக்கு ஹனஃபி மத்ஹபில் ஜகாத் கடமை. ஷாஃபிஈ மத்ஹபில், வழக்கமான அளவில் அணியும் நகைக்கு இல்லை. நகையில் தங்கம் எத்தனை கிராம் என்று தெரிந்தால்தானே கணக்கிட முடியும்? மஹராக வைர நகை கொடுப்போரும் "ஒரு வைர மோதிரம்" என்று பொதுவாக எழுதிவிடாமல், எடையையும் தரத்தையும், இயற்கைக் கல்லா என்பதையும் குறிப்பிடுவது நல்லது. மஹர் மணமகளின் உரிமை. அதில் பின்னாளில் மனக்கசப்புக்கு இடம் இருக்கக் கூடாது.

"இந்தக் கல் உங்களுக்குச் சேரும், சேராது" என்ற பேச்சுகளுக்கும் செவி கொடுக்காதீர்கள். நன்மையும் தீமையும் இறைவனின் நாட்டமேயன்றி, ஒரு கல்லின் செயலன்று.

விற்பவர்களுக்கும் ஒரு சொல். முத்தும் மாணிக்கமும் விற்று நாணயத்தால் பெயர் பெற்ற வணிகர்கள் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் வாழ்ந்திருக்கிறார்கள். தானியக் குவியலின் உள்ளே ஈரத்தை மறைத்து வைத்த வணிகரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தி நாம் அனைவரும் அறிந்ததே. நிறமேற்றிய கல்லின் உண்மையை மறைப்பதும் அந்த ஈரத்தை மறைப்பது போன்றதே.

வாங்கிய பின் பேணுவதும் முக்கியம். வைரம் எதனாலும் எளிதில் கீறப்படாது. ஆனால் ஓங்கி அடி பட்டால் பிளந்துவிடும். எண்ணெய்ப் பசை அதில் விரைவில் ஒட்டும். ஆகவே சமையலின்போது மோதிரத்தைக் கழற்றி வைத்து, அவ்வப்போது வெதுவெதுப்பான சோப்பு நீரில் மென்மையான தூரிகையால் கழுவுங்கள். மற்ற நகைகளோடு ஒரே பெட்டியில் போட்டால் வைரம் அவற்றைக் கீறிவிடும். தனித் துணியில் சுற்றி வையுங்கள். கல்லைப் பிடித்திருக்கும் சிறு கம்பிகள் தளர்ந்துள்ளனவா என்று ஆண்டுக்கொரு முறை பொற்கொல்லரிடம் காட்டுங்கள். தரச்சான்றையும் பட்டியலையும் நகையோடு வைக்காமல் வேறிடத்தில் பத்திரப்படுத்துங்கள். நாளை உங்கள் மகளோ பேத்தியோ அந்த நகையைக் கையில் எடுக்கும்போது, அது என்னவென்று அவர்களுக்குச் சொல்லப்போவது அந்தக் காகிதமே.