விமான கம்பெனி கணக்கில் நம்ம வயல் எங்கே?

சோழவரம் ஓடுதளத்தை நம்மில் பலருக்குக் கார் பந்தயத்தால்தான் தெரியும். இரண்டாம் உலகப்போர் காலத்தில் போர் விமானங்களுக்காகப் போட்டது. பிறகு பல வருஷம் அதில் பந்தயக் கார்களும் பைக்குகளும் ஓடின. இப்போது நம் தலைக்கு மேலே பறப்பதெல்லாம் மீனம்பாக்கம் விமானங்கள். அப்படியிருக்க, ஒரு விமான கம்பெனியின் ஆண்டறிக்கை சோழவரம் பக்கத்து உழவர் வீட்டுக்குள் வந்த கதை இது.

நம் கூட்டங்களுக்குத் தவறாமல் வரும் ஓர் அண்ணன், இரண்டரை ஏக்கரில் நெல்லும் கீரையும் இயற்கை முறையில் செய்கிறார். மகனுக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை. அவன் செல்போனிலேயே டிமேட் கணக்கு ஆரம்பித்து இண்டிகோ பங்கு நாலு வாங்கியிருக்கிறான். பங்குதாரர் ஆச்சே, அறிக்கை மெயிலில் வந்துவிட்டது. அதில் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு என்று தனிப் பகுதி. அப்பா பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, ஏரோப்ளேன் ஓட்றவனுக்கு மண்ணு மேல இன்னா அக்கறை?" என்று கேட்டாராம். கேள்வி நம்மிடம் வந்தது.

அக்கறையோ இல்லையோ, எழுதியே ஆகவேண்டும் என்பது சட்டம். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2012இல் முதல் 100 கம்பெனிகளிடம் 'பொறுப்பு அறிக்கை' கேட்க ஆரம்பித்தது. அது வளர்ந்து 2021 மே மாதம் பி.ஆர்.எஸ்.ஆர். என்ற புது வடிவம் வந்தது. 2022-23 நிதியாண்டிலிருந்து சந்தையில் பட்டியலான கம்பெனிகளில் மதிப்பில் முதல் ஆயிரம் இடத்தில் இருப்பவை கட்டாயம் இதைக் கொடுக்க வேண்டும். கவனியுங்கள், பட்டியலான கம்பெனிக்குத்தான் இந்தக் கட்டாயம். இண்டிகோ 2015இல் பட்டியலானது. 2022 ஜனவரியில் டாடா கைக்குப் போன ஏர் இந்தியா பட்டியலில் இல்லை, அதனால் செபியின் இந்தக் கட்டாயம் அதற்குக் கிடையாது. ஒரே வானம், ஒரே எரிபொருள், இரண்டு நியாயம்.

இதை சி.எஸ்.ஆர். என்பதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பள்ளிக்குச் சுண்ணாம்பு அடிப்பது, ஏரி தூர்வாருவது எல்லாம் சி.எஸ்.ஆர். அது 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு. பெரிய கம்பெனிகள் முந்தைய மூன்று வருஷ லாபத்தின் சராசரியில் 2 சதவீதம் செலவழிக்க வேண்டும். சராசரி நட்டமானால் செலவழிக்கும் கடமையே இல்லை. கொரோனா காலத்தில் விமான கம்பெனிகள் எந்த நிலையில் இருந்தன என்று உங்களுக்கே தெரியும். பி.ஆர்.எஸ்.ஆர். அப்படி அல்ல, லாபமோ நட்டமோ கணக்கு காட்டணும். செலவழித்த காசை அல்ல, தொழில் நடத்தும்போது நடந்த சேதாரத்தை.

விமான கம்பெனியை எடுத்துக்காட்டாக எடுத்தது நல்லதுதான். ஏனென்றால் அங்கே சேதாரம் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் இருக்கிறது, எரிபொருள் டேங்கில். விமான எரிபொருள் மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்தது. ஒரு டன் எரித்தால் 3.16 டன் கரியமில வாயு வெளியே வரும். ஒரு டன் எப்படி மூணு டன் ஆகும் என்று கேட்காதீர்கள். எண்ணெயில் இருக்கும் கரி, காற்றில் இருக்கும் ஆக்சிஜனைச் சேர்த்துக்கொள்வதால் எடை கூடுகிறது. சென்னையிலிருந்து டெல்லிக்கு ஒரு நடுத்தர ஜெட் விமானம் போக ஏறக்குறைய 6 டன் எண்ணெய் வேண்டும். கணக்குப் போட்டால் ஒரு நடைக்குச் சுமார் 19 டன் வாயு. அறிக்கையில் இது 'ஸ்கோப் 1' என்ற தலைப்பில் வரும், அதாவது கம்பெனி நேரடியாக எரித்தது. 'ஸ்கோப் 2' வாங்கிய மின்சாரம். விமான கம்பெனிக்கு அது சொற்பம். ஆகவே ஆபீஸ் கூரையில் சோலார் போட்ட படம் பெரிதாக வந்தால் ரசித்துவிட்டு அடுத்த பக்கம் போங்கள்.

இனிமேல்தான் சூட்சுமம். அறிக்கையில் இரண்டு விதமான எண் இருக்கும். ஒன்று மொத்த அளவு. இன்னொன்று 'தீவிரம்' என்கிறார்கள், ஓர் இருக்கையை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக எவ்வளவு வாயு என்பது. கொட்டை எழுத்தில் வருவது பெரும்பாலும் இரண்டாவது எண்தான், ஏனென்றால் அது வருஷா வருஷம் குறையும். புது ரக விமானங்கள் பழையதைவிட 15 முதல் 20 சதவீதம் குறைவாக எண்ணெய் குடிக்கின்றன. இது பொய் இல்லை. ஆனால் நம் கணக்கில் பாருங்கள். ஏக்கருக்கு நாலு மூட்டை யூரியா போட்ட ஒருவர் மூணாகக் குறைத்துவிட்டார். கைதட்டலாம். அதே ஆள் இரண்டு ஏக்கரிலிருந்து ஐந்து ஏக்கருக்குப் போயிருந்தால்? எட்டு மூட்டை இறங்கின ஊர் மண்ணில் இப்போது பதினைந்து மூட்டை. இண்டிகோ 2023 ஜூனில் பாரிஸ் விமானக் கண்காட்சியில் ஏர்பஸ்ஸிடம் ஒரே தடவையில் 500 விமானம் ஆர்டர் செய்தது. இருக்கைக்கு எவ்வளவு என்பது இறங்கும், மொத்தம் ஏறும். இரண்டு எண்ணும் அதே அறிக்கையில் இருக்கு, தேடத்தான் வேண்டும்.

வராத கணக்கும் உண்டு. உயரத்தில் விமானம் விட்டுப்போகும் வெள்ளைக் கோடு, மற்ற புகைகள் இவையும் பூமியைச் சூடாக்குகின்றன. விமானத் தொழிலால் வரும் சூட்டில் கரியமில வாயுவின் பங்கு மூன்றில் ஒன்றுதான் என்று 2021இல் வெளியான பெரிய ஆய்வு சொன்னது. ஐரோப்பிய ஒன்றியம் இதையும் கணக்கெடுக்கச் சொல்லி 2025இல் ஆரம்பித்திருக்கிறது. நம் பி.ஆர்.எஸ்.ஆர். படிவத்தில் இதற்குக் கட்டம் கிடையாது.

வராத இன்னொன்று நிலம். பரந்தூரில் 5,000 ஏக்கர் அளவில் வயலும் ஏரியுமாக எடுக்கப் போவதாக 2022 ஆகஸ்டில் அறிவித்தார்கள். ஏகனாபுரம் மக்கள் அன்றிலிருந்து போராடுகிறார்கள். அந்தத் திட்டம் அரசின் டிட்கோ பெயரில் நடக்கிறது. நாளை அங்கிருந்து பறக்கப்போகும் எந்த விமான கம்பெனியின் அறிக்கையிலும் அந்த ஏரிகள் ஒரு வரியாக வராது. வேலிக்குள் நடப்பதுதான் கம்பெனியின் கணக்கு.

சரி, வயலுக்கு வருவோம். வாயுவைக் குறைக்க விமான கம்பெனிகள் காட்டும் பெரிய வழி 'சாஃப்' என்னும் பசுமை எரிபொருள். எரிச்ச சமையல் எண்ணெய், பயிர்க் கழிவு, எத்தனால் இவற்றிலிருந்து செய்வது. வெளிநாடு போகும் விமானங்களில் 2027இல் 1 சதவீதம், 2028இல் 2, 2030இல் 5 சதவீதம் கலக்கணும் என்று இந்தியா இலக்கு வைத்திருக்கிறது. உலக விமானப் போக்குவரத்து அமைப்பின் கார்சியா திட்டத்தில் நாம் 2027இல் கட்டாயமாகச் சேர வேண்டும் என்பதால் வந்த இலக்கு இது. உள்நாட்டு நடைகளுக்கு கார்சியா பொருந்தாது, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த வாசனை நமக்குப் பழசு. 2018 ஆகஸ்ட் 27 அன்று ஸ்பைஸ்ஜெட் டேராடூனிலிருந்து டெல்லிக்கு ஒரு விமானத்தைக் காட்டாமணக்கு எண்ணெய் கலந்து ஓட்டிக் காட்டியது. விதை சத்தீஸ்கர் உழவர்கள் விளைவித்தது. செய்தி எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. அதற்குச் சில வருஷம் முன்பு நம் மாவட்டங்களிலும் 'காட்டாமணக்கு நடுங்க, டீசல் விளையும்' என்று சொல்லி நட வைத்தார்களே, நட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள், பிடுங்கிப்போட்ட கூலியும் சேர்த்துக் கணக்கு சொல்வார்கள்.

இப்போதைய பேச்சு கரும்பு, மக்காச்சோளம். பெட்ரோலில் எத்தனால் கலப்பதற்கே மக்காச்சோளம் இழுக்கப்பட்டதில், ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு 2024இல் இறக்குமதிக்குப் போனது. கோழிப் பண்ணைக்காரர்கள் தீவன விலை பார்த்துக் கதறினார்கள். மக்காச்சோளம் போட்ட உழவருக்கு விலை கிடைத்தது உண்மை, அதை மறைக்க வேண்டாம். கேள்வி வேறு. பயிரிலிருந்து வந்த எண்ணெயை எரித்தால் அந்த வாயுவை ஸ்கோப் 1 மொத்தத்தில் சேர்ப்பதில்லை, தனியாகக் குறிப்பார்கள். வளரும்போது செடி காற்றிலிருந்து எடுத்ததுதானே என்பது வாதம். அந்தச் செடி குடித்த போர்வெல் தண்ணீர், அதற்குப் போட்ட உரம், அந்த இடத்தில் நின்றிருக்க வேண்டிய கேழ்வரகு? ஸ்கோப் 1 எண்ணில் இவை எதுவும் தெரியாது. உரமும் உழவும் கக்கிய வாயு 'ஸ்கோப் 3' என்ற தலைப்பில் வர வேண்டும். அது செபி படிவத்தில் விருப்பப்பட்டால் நிரப்பும் பகுதி.

வார்த்தை விளையாட்டுக்கு எல்லை உண்டு என்று ஒரு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நெதர்லாந்தின் கே.எல்.எம். விமான கம்பெனி 'பொறுப்போடு பறங்கள்' என்று விளம்பரம் செய்தது. மரம் நட்டுச் சரிக்கட்டுகிறோம், பசுமை எரிபொருள் போடுகிறோம் என்றது. 2024 மார்ச் 20 அன்று ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம், பார்த்த 19 விளம்பர வாசகங்களில் 15 மக்களைத் தவறாக வழிநடத்துபவை என்று தீர்ப்பளித்தது.

நம் பக்கத்திலும் இப்படி ஒரு கதை உண்டு. கும்மிடிப்பூண்டி வட்டம் தேர்வாய்கண்டிகையில் ஊர் மக்கள் மாடு மேய்த்த, விறகு பொறுக்கிய 1,100 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் 2007இல் சிப்காட்டுக்குப் போனது. பிரான்ஸின் மிச்செலின் டயர் கம்பெனி அதில் ஆலை கட்டியது. 2012 ஜூலையில் ஊர்ச் சங்கமும் தமிழ்நாட்டு நில உரிமைக் கூட்டமைப்பும் பிரெஞ்சு அமைப்புகளும் சேர்ந்து, பன்னாட்டு கம்பெனிகளுக்கான நெறிமுறையின் கீழ் பிரான்ஸ் அரசிடமே புகார் கொடுத்தன. 2013 செப்டம்பரில் நம்பிக்கை இழந்து புகாரைத் திரும்பப் பெற்றன. ஜெயித்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் கம்பெனி தன் சொந்த நாட்டில், எழுத்தில், பதில் சொல்ல வேண்டி வந்தது.

அதனால் பி.ஆர்.எஸ்.ஆர். படிவத்தின் ஆரம்பத்திலேயே இருக்கும் ஒரு அட்டவணையைப் பாருங்கள் என்கிறோம். 'சமூகத்தினரிடமிருந்து வந்த புகார்கள் எத்தனை, நிலுவை எத்தனை' என்று கேட்டிருக்கும். கம்பெனிகள் பெரும்பாலும் அங்கே சுழியம் போடுகின்றன. புகாரை வாயால் காவலாளியிடம் சொன்னால் சுழியம்தான். எழுத்தில், பதிவுத் தபாலில் போனால் எண்ண வேண்டியிருக்கும். தண்ணீருக்கும் கட்டம் உண்டு, நிலத்தடியில் எவ்வளவு எடுத்தார்கள் என்று. ஆனால் நாடு முழுதுக்கும் சேர்த்த எண். தண்ணீர்ப் பஞ்சப் பகுதியில் இருக்கும் ஆலைகளுக்குத் தனித்தனியாகச் சொல்வது விருப்பப் பகுதி. நம் சிப்காட் ஆலைகளில் பல பட்டியலே ஆகாதவை, அவற்றுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் தகவல் உரிமைச் சட்டத்தில்தான் கேட்கணும்.

பையன் விஷயத்துக்கு வருகிறேன். நாலு பங்கு வைத்திருப்பவனும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கேள்வி கேட்கலாம். கொரோனாவுக்குப் பிறகு பெரிய கம்பெனிகள் பெரும்பாலும் வீடியோவில் நடத்துகின்றன, பேச விரும்புகிறவர் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான். அப்பாவும் மகனுமாக உட்கார்ந்து எழுதியதில் இரண்டு கேள்வி தேறியது. இருக்கைக் கணக்கு வேண்டாம், மொத்த வாயு போன வருஷத்தைவிட ஏறியதா இறங்கியதா? பசுமை எரிபொருள் வாங்கும்போது அது எந்தப் பயிரிலிருந்து, எந்த மாவட்டத்து நிலத்திலிருந்து வந்தது என்று அறிக்கையில் போடுவீர்களா? "மூணாவதா, அந்தப் பயிருக்குத் தண்ணி யாரு கொடுத்தாங்கன்னும் கேளு" என்று அண்ணன் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்.