தொலைக்காட்சிப் புகழும் அறவியற் பிரச்சினையும்: ‘உடைந்த பிம்பங்கள்’ நாடகத்தை வகுப்பறையில் விவாதித்தல்

நாடகமொன்றை வகுப்பறையில் எடுத்துக்கொள்ளும்போது, கதைமாந்தரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றித் தீர்ப்பு வழங்கிவிடும் ஆர்வம் மாணவரிடையே இயல்பாகவே எழுவதுண்டு. இவ்வார்வத்தை இலக்கியத்துக்குப் புறம்பானதெனத் தள்ளிவிடுவோரும் உளர். வடிவ அழகை மட்டுமே கருத்திற்கொள்ளும் திறனாய்வு மரபு, அறவியல் விசாரணையை வகுப்பறையினின்றும் அகற்றவே முயன்று வந்துள்ளது. ஆயின், அறம் பற்றிய வினா நீக்கப்படவேண்டியதன்று. அது எங்குத் தொடங்கி எங்கு நிறுத்தப்படுகிறது என்பதே கவனத்துக்குரியது. தொலைக்காட்சி வழங்கும் புகழையும், அப்புகழின் அடியில் மறைந்துகிடக்கும் அறப் பிரச்சினையையும் பொருளாகக் கொண்ட கிரிஷ் கர்னாட்டின் ‘உடைந்த பிம்பங்கள்’ இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டாகும். அந்நாடகத்தை வகுப்பறையில் எவ்வாறு விவாதிக்கலாம் என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

யயாதி, துக்ளக், ஹயவதன முதலிய கன்னட நாடகங்களிற் புராணத்தையும் வரலாற்றையும் பழங்கதையையும் கையாண்டு புகழ்பெற்றவர் கர்னாட் (1938–2019). ‘உடைந்த பிம்பங்கள்’ சமகால நகர வாழ்வைக் களமாகக் கொண்டது. கன்னடத்தில் ‘ஒடகலு பிம்ப’ எனப் பெயர்பெறும் இந்நாடகம், 2005இல் பெங்களூர் ரங்க சங்கரா அரங்கிற் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் மேடையேறியது. கர்னாட் 1974–75இல் புனே திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனத்தின் பணிப்பாளராக இருந்தவர். ‘மால்குடி நாட்கள்’ தொலைக்காட்சித் தொடரில் நடித்தவர். அறிவியல் நிகழ்ச்சியொன்றைத் தொலைக்காட்சியில் தொகுத்து வழங்கியவர். எனவே, அச்சாதனத்தைப் புறத்தே நின்று அஞ்சியவரின் கண்டனமாக இந்நாடகத்தைக் கொள்ளுதல் தவறு. உள்ளிருந்து அறிந்தவரின் விசாரணை இது.

நாடகத்தின் கதை சுருக்கமானது. மஞ்சுளா நாயக் ஆங்கில விரிவுரையாளர். அதிகம் பேசப்படாத கன்னடச் சிறுகதை எழுத்தாளர். ஆங்கிலத்தில் வெளிவந்த நாவலொன்று அவளை உலகறியச் செய்கிறது. அந்நாவலைத் தழுவிய தொலைக்காட்சிப் படத்தின் ஒளிபரப்புக்கு முன்னர், நிலையத்தில் அமர்ந்து அறிமுகவுரை ஆற்றுகிறாள். உடல் இயலாமையுடன் வாழ்ந்து மறைந்த தங்கை மாலினியே நாவலுக்கு ஊற்றுக்கண் என உருக்கத்துடன் கூறுகிறாள். உரை முடிந்து அவள் எழுந்து செல்ல முற்படும்போது, திரையிலுள்ள அவளது பிம்பம் மறையாது நின்று வினாக்களைத் தொடுக்கிறது. பெற்றோரின் அன்பு தங்கைக்கே சென்றதால் எழுந்த மனக்கசப்பு, கணவன் பிரமோத்துக்கும் மாலினிக்குமிடையே வளர்ந்த நெருக்கம் ஆகியன ஒவ்வொன்றாக வெளிப்படுகின்றன. ஈற்றில், நாவலை எழுதியவள் மாலினியே என்ற உண்மை புலனாகிறது. அந்நாவலில் வரும் தீய உறவுக்காரி மஞ்சுளாவின் சாயலில் அமைந்தவள் என்பது இதிலுள்ள கூரிய முரண். தன்னைக் குற்றஞ்சாட்டும் நூலையே தன் பெயரில் வெளியிட்டுப் புகழடைகிறாள் அவள்.

விவாதத்தின் முதற்படி, ‘அவள் திருடி’ என்ற தீர்ப்பாகவே பெரும்பாலும் அமையும். இத்தீர்ப்பு உண்மையானது, ஆசிரியர் அதனை மறுக்க முற்படுதல் கூடாது. ஆயினும் அத்துடன் விவாதம் முடியுமாயின், நாடகம் பாடநூல் நீதிக்கதையாகச் சுருங்கிவிடும். அடுத்த படி உளவியல் விளக்கமாகும்: சிறுவயதிற் கிடைக்காத அன்பே அவளை இந்நிலைக்குத் தள்ளியது எனக் கூறப்படும். இதுவும் அரை உண்மையே. அன்பு மறுக்கப்பட்டோர் யாவரும் பிறர் படைப்பைத் தமதாக்கிக்கொள்வதில்லை. அன்றியும், கன்னடத்தில் எழுதப்பட்ட கையெழுத்துப்படியாக அது இருந்திருப்பின் அதனைக் கவர்வதால் அவளுக்கு யாது பயன் கிடைத்திருக்கும்? இவ்வினாவை எழுப்பும்போதுதான் விவாதம் தனிமனித உள்ளத்திலிருந்து சமூக உறவுகளை நோக்கி நகரத் தொடங்குகிறது.

சல்மான் ருஷ்டி 1981இலும் அருந்ததி ராய் 1997இலும் புக்கர் பரிசு பெற்றமை, இந்திய ஆங்கில நாவலுக்கு உலகச் சந்தை விரிந்தமையைக் காட்டும் அடையாளங்களாகும். இந்தியப் பொருளாதாரம் 1991இன் பின்னர் திறந்துவிடப்பட்டதும், செய்மதித் தொலைக்காட்சி பரவியதும் இக்காலப்பகுதியிலேயே நிகழ்ந்தன. மொழிகளுக்கிடையிலான ஏற்றத்தாழ்வு எழுத்தாளனின் மதிப்பையும் நிர்ணயிக்கிறது. மஞ்சுளா தன் அறிமுகவுரையில் ஆங்கிலத்தில் எழுதியமைக்கு நியாயம் கூற நேர்வது தற்செயலன்று. அவள் கவர்ந்துகொண்டது தங்கையின் சொற்களை மட்டுமல்ல. அச்சொற்கள் எழுதப்பட்ட மொழிக்குச் சந்தை வழங்கிய மதிப்பையும் சேர்த்தே.

தொலைக்காட்சியின் பங்கு இவ்விடத்து நுணுகி நோக்கற்பாலது. நாவல் வாசிக்கப்படுவதற்கு ஆசிரியரின் முகம் தேவையில்லை; ஆனால் தொலைக்காட்சிக்கு முகமே பண்டம். அம்முகத்துக்கு விலை சேர்ப்பது அழகு மாத்திரமன்று. தங்கையைப் பேணிய தமக்கையின் பரிவு, இழப்பின் துயர், அடக்கமான நன்றியுணர்வு ஆகிய அறப் பண்புகளே அவளது உரையிற் காட்சிக்கு வைக்கப்படுகின்றன. புகழும் அறமும் எதிரெதிர் முனைகளில் நிற்பனவென்றும், புகழ் அறத்தை அழிக்கிறதென்றும் பொதுவாகக் கூறுவர். நாடகம் காட்டுவது வேறு. இங்கு அறத்தின் தோற்றமே புகழின் மூலப்பொருளாக மாற்றப்படுகிறது. வால்ற்றர் பெஞ்சமின் 1936இல் வெளியிட்ட கட்டுரையில், திரைப்பட முதலாளித்துவம் நட்சத்திர ஆளுமை என்னும் மாயையைச் செயற்கையாகக் கட்டியெழுப்புவதைச் சுட்டியிருந்தார். நல்லொழுக்கமே அவ்வாறு கட்டியெழுப்பப்படும் நிலையை நாம் இந்நாடகத்திற் காண்கிறோம்.

நாடகத்தின் அரங்க உத்தி இதனை மேலும் தெளிவாக்குகிறது. ஒரே நடிகையே மேடையில் உயிருடனும் திரையிற் பிம்பமாகவும் தோன்றுகிறார். பிம்பத்தின் பேச்சு முன்னரே பதிவுசெய்யப்பட்டது, அது காத்திருப்பதில்லை. மேடையில் நிற்பவரே தம் சொல்லையும் மூச்சையும் அசைவையும் அதன் கதிக்கு இசைவித்தல் வேண்டும். இயந்திர உற்பத்தியில் இறந்தகால உழைப்பு உயிருள்ள உழைப்பை ஆட்கொள்வதை மார்க்ஸ் ‘மூலதன’த்தில் (1867) விளக்குவார். அக்கருத்தின் அரங்க வடிவமாக இவ்வுத்தியைக் கொள்ளலாம். வகுப்பறையில் இதனை எளிதாகச் செய்துபார்க்க முடியும். ஒரு மாணவர் பிம்பத்தின் பகுதியை எங்கும் நிறுத்தாது, குறித்த இடைவெளிகளுடன் வாசிக்கட்டும். மற்றவர் அவ்விடைவெளிகளுக்குள் விடை கூறட்டும். யார் யாரை வழிநடத்துகின்றனர் என்பதை நீண்ட விரிவுரையிலும் பார்க்க இச்சிறு பயிற்சி விரைவில் உணர்த்திவிடும்.

பிறெக்ற் 1932இல் வானொலி பற்றிக் கூறிய கருத்தும் இங்கு நினைவுகூரத்தக்கது. மேலிருந்து வழங்குவதற்கு மட்டும் பயன்படும் சாதனம், கேட்போரும் பேசக்கூடிய தொடர்பாடற் சாதனமாக மாறவேண்டும் என அவர் வற்புறுத்தினார். கர்னாட்டின் நாடகத்திற் பேச மட்டுமே தெரிந்த திரை, முதன்முறையாக வினவத் தொடங்குகிறது. ஆனால் வினவுவது மக்களல்லர்; அவளது பிம்பமே. ஒளிபரப்பு முடிந்த பின்னரே உண்மை பேசப்படுகிறது. இலட்சக்கணக்கான பார்வையாளர் பொய்யுரையை மட்டுமே கேட்டுச் செல்கின்றனர். உண்மை தனிமனித மனச்சாட்சிக்குள் அடைபட்டுவிடுவதே நாடகத்தின் துன்பியல் எனலாம்.

இங்கு ஓர் எதிர்வாதத்துக்கு விடை கூறவேண்டும். சந்தையும் சாதனமும் இவ்வாறு இயங்குமெனின், மஞ்சுளா குற்றமற்றவளா? சமூகவியல் நோக்கு அறப்பொறுப்பைக் கரைத்துவிடுகிறது என்ற குற்றச்சாட்டு மார்க்சியத் திறனாய்வின்மீது தொடர்ந்து சுமத்தப்படுவதாகும். தான் தோற்றுவிக்காத சமூக உறவுகளுக்குத் தனிமனிதனைப் பொறுப்பாக்க இயலாது என மார்க்ஸ் கூறியது உண்மையே. ஆயின் அவ்வுறவுகளுக்குப் பொறுப்பாதல் வேறு. அவ்வுறவுகளுக்குள் ஒருவர் மேற்கொள்ளும் தெரிவுக்குப் பொறுப்பாதல் வேறு. ஆங்கிலத்தின் சந்தை மதிப்பை மஞ்சுளா உருவாக்கவில்லை. ஆனால் இறந்தவள் எழுந்து உரிமை கோரமாட்டாள் என்பதை அறிந்து, அந்த மௌனத்தைப் பயன்படுத்தியவள் அவளே. சமூக விளக்கம் குற்றத்தைத் துடைப்பதில்லை. குற்றம் இலாபகரமாவதற்கான சூழலைச் சுட்டுகிறது. இவ்விரண்டையும் ஒருங்கே மனத்திற் கொள்ளப் பழகுதலே இத்தகைய விவாதத்தால் மாணவர் பெறத்தக்க முதன்மையான பயன்.

நாடகத்தின் எல்லைகளும் விவாதிக்கப்படவேண்டும். மேடையில் இல்லாதோர் யாவர் என வினவுதல் நன்று. ஒளிப்பதிவாளர், ஒலிப்பதிவாளர் முதலிய நிலையத் தொழிலாளர் காணப்படுவதில்லை. தொலைக்காட்சி தன்னிலே தானாய் இயங்கும் மாயப்பொருள்போலத் தோன்றுகிறது. அதனினும் முக்கியமானது மாலினியின் இன்மை. எழுதியவள் அவள், உடல் இயலாமையை அனுபவித்தவளும் அவள். எனினும் அவளைப் பிறர் வாயிலாகவே அறிகிறோம். முடிவில் அவளது அடையாளத்தையும் பிம்பமே ஏற்றுக்கொள்கிறது. இதனை நாடகாசிரியரின் நடுத்தர வர்க்க நோக்கின் குறைபாடு எனலாம். தொலைக்காட்சி யாரைப் பேசவிடுகிறது, யாரைப் பேசுபொருளாக மட்டும் வைத்துக்கொள்கிறது என்பதன் நேர்மையான பிரதிபலிப்பு எனவும் வாதிடலாம். இரண்டிலும் உண்மையுண்டு. ஆயினும் மாலினியின் குரலுக்கான இடத்தை நாடகம் திறக்கவில்லை என்பதை மறைக்கவேண்டியதில்லை.

இன்று மாணவர் ஒவ்வொருவரின் கையிலும் ஒளிப்படக் கருவி இருக்கிறது. தம் துயரையும் பரிவையும் காட்சிக்கு வைத்துக் கணிப்பைப் பெறும் வாய்ப்பு, நிலையத்துக்கு அழைக்கப்பட்ட பிரபலங்களுக்கு மட்டும் உரியதன்று. ஆகவே மஞ்சுளாவைத் தொலைவில் நிறுத்தித் தீர்ப்பளிப்பது முன்னரிலும் கடினமாகியுள்ளது. யாருடைய உழைப்பின்மீது என் பெயர் நிற்கிறது, யாருடைய மௌனம் என் பேச்சுக்கு இடமளித்தது ஆகிய வினாக்களை மாணவர் நாடகத்திடம் மட்டுமன்றித் தம்மிடமும் கேட்கத் தொடங்குவாராயின், அறவியல் விசாரணை அதற்குரிய சமூகத் தளத்தை எய்திவிட்டது எனக் கொள்ளலாம்.