பிள்ளை பிழைத்த பிறகும் நடுங்கிய கைகள்

தாதிமார் அழக்கூடாது என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. ஆனாலும் பயிற்சிக் காலத்திலேயே அது எங்களுக்குள் எப்படியோ ஊறிவிடுகிறது. விடுதியில் ஒரு உயிர் பிரிந்தால் திரையை இழுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு மருந்து கொடுக்கப் போகவேண்டும். அந்தக் கட்டிலில் இருப்பவர் எங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். ஆகவே முகத்தைச் சரிப்படுத்தப் பழகிக்கொள்கிறோம். வீட்டுக்கு வந்தபின் அந்த முகத்தை எப்படிக் கழற்றி வைப்பது என்று ஒருவரும் சொல்லித் தருவதில்லை.

நான் வன்னியில் ஒரு வைத்தியசாலையில் பணியாற்றும் தாதி. இதனைத் தாதிமாருக்காக மட்டும் எழுதவில்லை. காயப்பட்ட அல்லது மூச்சடங்கிய ஒரு பிள்ளையைக் கையில் ஏந்தி ஓடிய எல்லாச் சகோதரிகளுக்காகவும் எழுதுகிறேன். எங்கள் பகுதியில் அப்படி ஏந்தாத கைகள் குறைவு.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மாரிகாலம். கிணறுகள் வாய்வரை நிரம்பியிருந்தன. ஒருநாள் பின்னேரம் மூன்று வயதுப் பெண்பிள்ளை ஒன்றை ஓட்டோவில் கொண்டுவந்தார்கள். கட்டு இல்லாத தோட்டக் கிணற்றில் விழுந்த பிள்ளை. தூக்கி வந்தவர் பிள்ளையின் மாமி. அவவின் உடுப்பும் நனைந்திருந்தது. பிள்ளையின் உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு இல்லை. நாடி, இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத அளவில் மிக மெதுவாக இருந்தது.

வைத்தியர் தலைமாட்டில் நின்று முகமூடி வைத்து ஒட்சிசன் கொடுத்தார். முதலில் ஐந்து மூச்சு. பிறகு நான் ஒரு கையின் அடிப்பகுதியை நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் வைத்து அழுத்தத் தொடங்கினேன். பதினைந்து அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு. நிமிடத்துக்கு 100 தொடக்கம் 120 தடவை என்ற வேகம். நெஞ்சின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு கீழிறங்க வேண்டும். எழுதும்போது கணக்குப் பாடம் போல இருக்கிறது. கைக்குக் கீழே இருந்தது ஒரு குருவியின் நெஞ்சு.

வெளியே தாய் வந்துவிட்டிருந்தா. "மிஸி, என்ரை பிள்ளை மூச்செடுக்குதோ? ஒருக்காச் சொல்லுங்கோ மிஸி" என்ற குரல் கதவுக்கு வெளியே கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்குப் பதில் சொல்ல வாய் இல்லை. வாய் எண்ணிக்கொண்டிருந்தது.

பிள்ளை இருமியது. தண்ணீரும் மத்தியானச் சோறும் வெளியே வந்தன. சரித்துப் பிடித்தோம். பூனைக்குட்டி முனகுவது போல ஒரு அழுகை வந்தது. நீரில் மூழ்கிய பிள்ளைக்குச் சில மணித்தியாலங்களுக்குப் பின்னரும் சுவாசப்பை மோசமடையக்கூடும் என்பதால், சூடாகப் போர்த்தி, ஒட்சிசனுடன் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினோம். ஒரு கிழமையில் பிள்ளை வீடு திரும்பியது.

எல்லோரும் எனக்குக் கைகொடுத்தார்கள். அந்தக் கைதான் எனக்குப் பிரச்சினையாகியது. அன்று இரவு சோற்றைப் பிசைய முடியவில்லை. உள்ளங்கையில் அந்த நெஞ்சு இருந்தது. அடுத்தடுத்த நாட்களில் என் சொந்த மகன் நித்திரை கொள்ளும்போது இரவில் மூன்று நான்கு தரம் எழும்பி அவனுடைய மூக்குக்கு முன்னால் விரலை வைத்துப் பார்த்தேன். எங்கள் வீட்டுக் கிணற்றடிக்குப் போவதை விட்டுவிட்டேன். விடுதியில் ஒரு பிள்ளை இருமினால் நெஞ்சு அடித்துக்கொண்டது. "பிள்ளைதான் பிழைச்சிட்டுதே, பிறகேன் இப்பிடி இருக்கிறீர்?" என்று என் கணவர் கேட்டார். குற்றமாகக் கேட்கவில்லை. அவருக்கு விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை.

காரணம் அந்தக் கிணற்றில் இருக்கவில்லை. 2009 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நான் உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த ஒரு பிள்ளை. தெரிந்தது முதலுதவி மட்டும். இடம்பெயர்ந்து போன இடத்தில், பாடசாலைக் கட்டிடம் ஒன்றில் நடந்த வைத்தியசாலையில் காயம் கட்ட ஆள் போதாது என்று என்னையும் கூப்பிட்டார்கள். அந்த வருடம் பெப்ரவரி 10 ஆம் திகதி, சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் ஏற்பாட்டில் 240க்கும் மேற்பட்ட காயக்காரரும் நோயாளரும் புதுமாத்தளனிலிருந்து கடல்வழியாகத் திருகோணமலைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். மே மாத முற்பகுதி வரை கப்பல் வந்து வந்து போனது. கப்பலில் ஏற்றிய பிள்ளைகளை எனக்கு நினைவிருக்கிறது. கப்பல் வரும்வரை இருக்க முடியாமல் போனவர்களையும் நினைவிருக்கிறது. அவர்களில் ஒரு பொடியனுக்கு ஆறு வயதிருக்கும். அவனுடைய காயத்தை நான் இந்தக் கையால்தான் அழுத்திப் பிடித்திருந்தேன். அவனுடைய தாய் தன் சேலையைக் கிழித்துக் கிழித்துத் தந்துகொண்டிருந்தா. அவன் தண்ணீர் கேட்டான்.

அதற்கு மேல் இங்கே எழுத விரும்பவில்லை.

பத்து வருடங்களுக்கும் மேலாக அவனை மறந்துவிட்டேன் என்றுதான் எண்ணியிருந்தேன். முகாம், பிறகு மீள்குடியேற்றம், தாதியர் பயிற்சி, கலியாணம், பிள்ளை என்று காலம் ஓடியது. இந்தச் சின்னப்பிள்ளை என் கைக்குக் கீழே மூச்செடுத்தபோது அவன் திரும்பி வந்தான். "இவளுக்கு ஒட்சிசன் இருந்தது, வைத்தியர் இருந்தார், வாகனம் இருந்தது. அவனுக்கு என்ன இருந்தது?" என்ற கேள்வி ஒவ்வொரு இரவும் வந்தது. பிழைத்த பிள்ளையைப் பார்த்துச் சந்தோஷப்படுவதே பிழைக்காத பிள்ளைக்குச் செய்யும் துரோகம் போல இருந்தது. இதை யாரிடம் சொல்வது?

ஆறு கிழமைக்குப் பின்னர் எங்கள் வைத்தியசாலை மனநலப் பிரிவுக்குப் போனேன். அதே கட்டிடத்தில், நான் தினமும் கடந்துபோகும் கதவுதான். அந்தக் கதவைத் தட்டத்தான் ஆறு கிழமை பிடித்தது. எங்கள் சனம் "விசர்" என்ற சொல்லை எவ்வளவு இலேசாகப் பாவிக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும்.

அங்கே விளங்கிக்கொண்டவற்றைச் சொல்கிறேன். அதிர்ச்சியான சம்பவத்துக்குப் பின் முதல் சில கிழமைகளில் நித்திரை குழம்புவதும், திடுக்கிடுவதும், காட்சி திரும்பத் திரும்ப வருவதும் உடலின் வழமையான பதில். பெரும்பாலானோருக்கு அது தானாகக் குறைந்துவிடும். ஒரு மாதம் கடந்தும் குறையாமல், அந்த இடத்தையோ பேச்சையோ தவிர்த்துத் தவிர்த்து வாழவேண்டி வந்தால், வீட்டு வேலையும் பிள்ளைகளைப் பார்ப்பதும் தடைப்பட்டால், அப்போது உதவி தேவை. பழைய சம்பவம் ஒன்று உள்ளே கிடந்தால், அதே மணமோ, தொடுகையோ, சத்தமோ அதை எழுப்பிவிடும். என் விடயத்தில் அது தொடுகை.

மற்றவர்களின் துன்பத்தைச் சுமந்து சுமந்து தாதிமார் உள்ளுக்குள் தேய்வதைப் பற்றிக் கார்லா ஜொயின்சன் என்பவர் 1992 இல் அமெரிக்கத் தாதியர் சஞ்சிகை ஒன்றில் எழுதினார். எங்கள் மண்ணில் அது இன்னும் ஆழமானது. யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய உளமருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரின் மனவடு தனியாளுக்கு மட்டுமல்லக் குடும்பத்துக்கும் ஊருக்குமே ஏற்படுகிறது என்று எழுதியிருக்கிறார். இங்கே உதவி செய்பவரும் உதவி பெறுபவரும் ஒரே பாதையால் நடந்து வந்தவர்கள்தானே.

உடனே எல்லாவற்றையும் சொல்லி அழுதால் சரியாகிவிடும் என்று சிலர் வற்புறுத்துவார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு அப்படி வந்து கேட்டுவிட்டுப் போனவர்களை நாங்கள் கண்டிருக்கிறோம். சம்பவம் நடந்த கையோடு ஒரே இருப்பில் எல்லாவற்றையும் சொல்லவைப்பது பயன் தராது என்றுதான் ஆய்வுகள் காட்டின. உலக சுகாதார நிறுவனம் 2011 இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கைநூல் கேட்பதெல்லாம், பக்கத்தில் இருப்பது, பாதுகாப்பும் தேவையும் என்னவென்று பார்ப்பது, அவர் சொல்ல விரும்புவதைக் கேட்பது, தேவையான இடத்துடன் சேர்த்துவிடுவது என்பவைதான். நித்திரைக் குளிசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் கிளினிக்குகளில் அதைக் கேட்டு வருபவர்கள் அதிகம். அதிர்ச்சிக்குப் பிந்திய முதல் மாதத்தில் அந்த வகைக் குளிசைகளைக் கொடுப்பது நல்லதல்ல என்று அதே நிறுவனம் 2013 இல் அறிவுறுத்தியது. பக்கத்து வீட்டுக்காரியின் குளிசையைக் கடன் வாங்கிக் குடிக்காதீர்கள்.

எனக்குப் பல மாதங்கள் எடுத்தன. உளவளத்துணையாளருடன் அந்தப் பொடியனின் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். மூச்சை உள்ளே எடுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்கப் பழகினேன். கிணற்றடிக்கு முதலில் பகலில், கணவருடன் போனேன். பிறகு தனியே.

இடையில் ஒருநாள் அந்த மாமி கத்தரிக்காயும் பயிற்றங்காயும் ஒரு பையில் போட்டுக்கொண்டு என்னைப் பார்க்க வந்தா. கதைத்துக்கொண்டிருந்தவ திடீரென்று கேட்டா: "மிஸி, உங்களுக்கு நித்திரை வருகுதோ? எனக்கு வாய்க்குள்ள அந்தக் கிணத்துத் தண்ணியின்ரை ருசி போகுதேயில்லை."

கிராமத்து மாதர் சங்கத்தில் நடந்த முதலுதவி வகுப்பில் படித்ததை வைத்துக் கிணற்றடியிலேயே பிள்ளைக்கு வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்தது அவதான். ஓட்டோவிலும் கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறா. ஊரில் எல்லோரும் பிள்ளையை விசாரித்தார்கள், தாயை விசாரித்தார்கள். மாமியை விசாரித்தவர் இல்லை. போதாக்குறைக்கு, "உடன கொண்டு ஓடாமல் ஏன் அதில நிண்டு மினைக்கெட்டனீங்கள்?" என்று உறவுக்காரர் ஏசியும் இருக்கிறார்கள்.

"அக்கா, நீங்கள் மினைக்கெட்டபடியால்தான் பிள்ளை இருக்குது" என்றேன். அது ஆறுதலுக்காகச் சொன்ன பேச்சல்ல. நீரில் மூழ்கிய பிள்ளைக்கு முதலில் தேவைப்படுவது மூச்சு. காலில் பிடித்துத் தலைகீழாகச் சுழற்றுவதோ வயிற்றை அமத்தித் தண்ணீரை எடுக்கப் பார்ப்பதோ நேரத்தைத்தான் தின்னும். மூச்சில்லாவிட்டால் மட்டமான இடத்தில் கிடத்தி, நாடியைச் சற்று உயர்த்தி, ஐந்து மூச்சுக் கொடுக்கவேண்டும். அசைவு வராவிட்டால் முப்பது அழுத்தம், இரண்டு மூச்சு என்று உதவி வரும்வரை தொடரவேண்டும். இன்னொருவர் 1990 இலக்கத்துக்கு அழைத்து நோயாளர் காவு வண்டியைக் கூப்பிடலாம். பிள்ளை எழும்பி விளையாடினாலும் வைத்தியசாலைக்குக் காட்டியே ஆகவேண்டும்.

அக்கா நெடுநேரம் அழுதா. நானும் அழுதேன். சீருடையுடன்தான். விடுதியில் இருந்த நோயாளர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். அதன்பின் அவவும் அந்தப் பிரிவுக்கு வரத் தொடங்கினா. முதல் இரண்டு தடவையும் நானே கூட்டிக்கொண்டு போனேன்.

இப்போது எங்கள் விடுதியில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். பிள்ளைகளின் அவசர நிலை ஒன்று முடிந்தால், பிழைத்தாலும் இழந்தாலும், அதில் நின்ற எல்லோரும், சிற்றூழியர் உட்பட, தேநீருடன் பத்து நிமிடம் இருப்போம். கதைக்க விரும்பியவர் கதைக்கலாம், விரும்பாதவர் தேநீரைக் குடித்துவிட்டுப் போகலாம். அடுத்த நாள் ஒருவரையொருவர் "சாப்பிட்டனீரோ, படுத்தனீரோ" என்று கேட்போம்.

சகோதரிகளே, அந்த மாதங்களில் சேலை கிழித்துக் காயம் கட்டிய நீங்களும் ஒருவகையில் தாதிகள்தான். உங்களையும் அன்று எவரும் விசாரித்திருக்க மாட்டார்கள். இத்தனை வருடம் கழித்து இதற்கெல்லாம் போவதா என்று நினைக்கவேண்டாம். மாவட்டப் பெரிய வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவு உண்டு. பயணம் கஷ்டமானால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியில் அழைக்கலாம். தனியே போகத் தயக்கமானால் நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். முதல்நாள் என்ன சொல்வதென்று தெரியாவிட்டால், "நித்திரை வருகுதில்லை" என்று மட்டும் சொல்லுங்கள். நானும் அதைத்தான் சொன்னேன்.