இல்லாத ஸ்டேஷனைக் கட்டியவர்கள்

அப்பாவுக்கு ரயில் என்றால் யாழ்தேவிதான். இங்கிலாந்தில் எந்த ரயிலில் ஏற்றினாலும், “இது ரயிலே?” என்று ஒரு சிரிப்பு. அதனால்தான் போன கோடையில் அவரையும் என் 16 வயது மகனையும் கூட்டிக்கொண்டு கிளஸ்டர்ஷயர் வாரிக்‌ஷயர் நீராவி ரயிலுக்குப் போனேன். செல்ட்னம் ரேஸ்கோர்ஸில் ஏறினால் 14 மைல் தள்ளி கடைசி ஸ்டேஷன், பிராட்வே.

இறங்கியதும் அப்பா செங்கல் சுவரைத் தடவிப் பார்த்தார். “நூறு வருசப் பழசு. என்ன கவனமா வச்சிருக்கிறாங்கள்!” நானும் அப்படித்தான் நினைத்தேன். பிளாட்பாரத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாராம், நாங்கள் சுவரையே பார்ப்பதைக் கண்டு வந்தார். பழசு எதுவும் இல்லை, இந்த இடத்தில் முள்ளும் மரமும்தான் இருந்தன என்றார்.

பிராட்வே ஸ்டேஷன் 1904இல் திறந்தது. 1960இல் பயணிகள் ரயில் நின்றது, 1963இல் கட்டடத்தையே இடித்துவிட்டார்கள். 1976இல் வின்ச்கம் பக்கத்தில் சரக்கு ரயில் தடம் புரண்ட பிறகு லைன் முழுக்க மூடப்பட்டது. பிறகு தண்டவாளத்தையும் கழற்றிக்கொண்டு போனார்கள். ரயில் பைத்தியங்கள் சிலர் சேர்ந்து அந்த வெறும் நிலத்தை வாங்கி, 1984இல் டொடிங்டனில் சில நூறு கஜ தூரம் ரயில் ஓட்டினார்கள். வின்ச்கம் ஸ்டேஷனுக்குக் கட்டடம் இல்லையா? வேல்ஸில் மன்மத் ஊரில் சும்மா கிடந்த ஒரு ஸ்டேஷனைக் கழற்றிக் கொண்டுவந்து திரும்ப அடுக்கினார்கள். 2010இலும் 2011இலும் லைனில் இரண்டு இடத்தில் மண் சரிந்து, அதற்கே பெரிய நிதி திரட்ட வேண்டியிருந்தது. பிராட்வேக்கு ரயில் வந்து சேர்ந்தது 2018 மார்ச்சில். 58 வருடம்!

பெரும்பாலான வேலை சம்பளம் வாங்காதவர்களுடையது. இன்றைய செங்கல் பழைய அளவைவிடக் கொஞ்சம் சிறியது. பழைய சுவர் மாதிரியே வர வேண்டுமென்றால் பழைய செங்கல்லைத் தேடிப்பிடித்து, ஒட்டிய சாந்தை ஒவ்வொன்றாகக் கொத்தி எடுக்க வேண்டும். “ஒரு நாளைக்கு எத்தனை?” என்று மகன் கேட்டான். “எத்தனை தரம் டீ குடிக்கிறோம் என்பதைப் பொறுத்தது” என்றார் வாத்தியார்.

“இவை சம்பளமில்லாமலோ செய்தவை?” என்று அப்பா என்னிடம் இரண்டு தரம் கேட்டார்.

திரும்பி வரும்போது பேச்சே இல்லை. 1990இல் நின்ற யாழ்ப்பாண ரயில் 2014 அக்டோபரில் மறுபடி ஓடியதை அவர் டிவியில் பார்த்து அழுதது எனக்கு நினைவிருக்கிறது. அந்தப் பாதையை இந்தியக் கடனில் ஒரு இந்திய நிறுவனம் போட்டது. வின்ச்கம் தாண்டியதும் சொன்னார்: “எங்கட ஸ்டேசனைத் திருப்பிக் கட்டேக்க நான் ஒரு கல்லும் தூக்கிக் குடுக்கேல்லை.”

நான் என்ன சொல்ல?

மகன் அந்த வாரமே எங்கள் வீட்டுப் பக்கத்தில் இருக்கும் ஒரு சிறிய நீராவி லைனுக்கு விண்ணப்பம் போட்டான். எனக்குத்தான் மனசில்லை. ஏ லெவல் வருடம், சனிக்கிழமை கணக்கு டியூஷன், போதாததற்குத் தண்டவாளம், கரி. நம் பெற்றோர் எங்களிடம் காட்டிய அதே முகத்தை நான் அவனிடம் காட்டினேன். போய்ப் பார்த்தால், பாதுகாப்புப் பயிற்சி முடியாமல் தண்டவாளத்துப் பக்கமே விடுவதில்லை. (பிரிட்டனில் இப்படி நூற்றுக்கு மேற்பட்ட லைன்கள் இருக்கின்றன. வயது விதி இடத்துக்கு இடம் மாறும், கேட்டுப் பாருங்கள்.) டியூஷனை வெள்ளிக்கிழமைக்கு மாற்றினேன். டீச்சருக்குக் கோபம்தான்.

இப்போது பிளாட்பார பெஞ்சுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறான். போன சனிக்கிழமை அப்பாவும் பிளாஸ்கில் தேத்தண்ணியோடு வந்தார். பேரன் “தாத்தா, காயேல்லை!” என்று கத்துவதற்குள் உட்கார்ந்துவிட்டார். காற்சட்டையில் இரண்டு பழுப்புக் கோடு. தோய்க்க வேண்டாமாம்.