மீண்ட விண்ணப்பமும் தடைவிடை மரபும்

ஆராய்ச்சி நல்கை வேண்டி விடுக்கும் விண்ணப்பம், மதிப்பீட்டாளர்தம் குறிப்புக்களோடு மீண்டு வருதல் இந்நாளில் இயல்பே. அண்மையில் தியாகராய நகரில் உள்ள எம் இல்லத்திற்கு அத்தகைய குறிப்புக்களுடன் வந்த ஆராய்ச்சி மாணவர் ஒருவர், முயற்சியையே கைவிட எண்ணியிருந்தார். அவர்க்கு யாம் கூறிய விடையே இக்கட்டுரை.

நூலைப் புலவர் அவையில் வைத்து, எழும் தடைகட்கு விடையிறுத்தல் தமிழர்க்குப் புதிதன்று. நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்து, அதங்கோட்டாசானுக்குக் குற்றமறத் தெரிவித்தபின் தொல்காப்பியம் ஏற்கப்பெற்றது எனப் பனம்பாரனார் பாயிரம் கூறும். தடை எழுப்புவோன் பகைவன் அல்லன். நூலின் முதற் கேட்போன்.

இதற்கு அண்மைக்காலச் சான்று கணித மேதை இராமாநுசன் வாழ்க்கையிலேயே உண்டு. இந்தியக் கணிதக் கழக இதழுக்கு அவர் விடுத்த முதற் கட்டுரை, தெளிவு போதாமையால் ஆசிரியர் நாராயண ஐயங்காரால் திருத்தத்திற்குத் திருப்பப்பெற்று, 1911இல் வெளிவந்தது. 1912இல் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் திங்கள் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராயிருந்தபோது, அவர்தம் முடிவுகள் இலண்டன் பேராசிரியர் இல்லின் மதிப்பீட்டிற்குச் சென்றன. விரியும் தொடர்களில் இடறியுள்ளார் என்றும், விளக்கப்படாத குறியீடுகளைத் தவிர்த்துத் தெளிவுற எழுதல் வேண்டும் என்றும் மறுமொழி வந்தது.

இராமாநுசன் சோர்ந்திலர். 1913 சனவரி 16ஆம் நாள் கேம்பிரிட்சு ஆர்டிக்கு எழுதினார். ஆர்டி வியந்தாராயினும் நிறுவல்களைக் கேட்டார். பிப்ரவரி 27ஆம் நாள் விடுத்த இரண்டாம் கடிதத்தில் இராமாநுசன், இலண்டனிலிருந்து வந்த தடையை மறையாது எடுத்துரைத்தார். தம் முறை பிறர்க்கு ஏன் விளங்காது என்பதையும் கூறினார். உதவித்தொகை பெறத் துணைசெய்யும் கடிதம் ஒன்றும் வேண்டினார். கில்பர்ட் வாக்கரும் பல்கலைக்கழகத்திற்குப் பரிந்துரைத்தார். முதுகலைப் பட்டம் இன்மையாகிய தடையையும் கடந்து, 1913 மே முதல் திங்கள் 75 ரூபாய் வழங்கச் சென்னைப் பல்கலைக்கழகம் இசைந்தது. காலாண்டுதோறும் அறிக்கை அளித்தல் கட்டளை. அவ்வறிக்கைகளில் தம் தேற்றத்தை நிறுவலோடும் எடுத்துக்காட்டுக்களோடும் அவர் விரித்தெழுதினார்.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. ஆர்டி கேட்ட நிறுவல்களை இராமாநுசன் முழுமையாக விடுத்திலர். பகா எண்கள் பற்றிய அவர் கூற்றுக்கள் சில பிழையாயின. பொறுமையுடன் படிக்க ஓர் ஆர்டி வாய்த்தமையாலேயே உண்மை வெளிப்பட்டது. எல்லார்க்கும் அப்பேறு வாய்க்கும் எனக் கொள்ளற்க. ஆகவே, முறையை நாமே விளங்கவைத்தல் கடன்.

மீண்ட குறிப்புக்களை மூவகையாகப் பகுத்துக் கொள்க. உண்மைக் குறை காட்டுவன முதல்வகை. அவற்றை உடன்பட்டுத் திருத்துக. தவறாகப் பொருள்கொண்டு எழுந்தன இரண்டாம் வகை. அங்குப் பிழை படித்தவரது எனினும், அதற்கு இடந்தந்த நம் தொடரையே மாற்றுக. கருத்து வேறுபாட்டால் எழுந்தன மூன்றாம் வகை. அவற்றிற்குச் சான்று காட்டிப் பணிவுடன் மறுக்க. ஒவ்வொரு குறிப்பிற்கும் விடையும், திருத்திய இடமும் குறித்த தனித்தாள் ஒன்றை இணைத்தல் நன்று.

திருத்தியதைச் சோதிக்க நன்னூலார் கூறும் சிறப்புப்பாயிர இலக்கணம் எட்டும் போதும்: ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். எம் மாணவர் விண்ணப்பத்தில் வழியும் எல்லையும் இல்லை. முன்னோர் ஆய்வு யாது, எந்நூல் முதல் எந்நூல் வரை ஆராய்வார் என்பன கூறப்படவில்லை. மதிப்பீட்டாளர் வினவியனவும் அவையே. அவர் அன்றிரவே திருத்தத் தொடங்கினார். நல்கை கிட்டுமோ என்பது நம் கையில் இல்லை. ஆய்வின் எல்லை தெளிவுற்றதோ, அதுவே பெரும்பயன்.