குட்டி பியர்டட் டிராகன் சாப்பிட மறுக்கிறதா? இரையை மாற்றும் முன் விளக்கைப் பாருங்க!

"வாங்கிட்டு வந்து நாலு நாளாச்சு. பூச்சி போட்டா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேங்குது." பியர்டட் டிராகன் குட்டியை முதன்முறையாக வளர்ப்பவர்கள் பலரும் சொல்லும் புகார் இது. பதற்றத்தில் சிலர் வேறு வேறு பூச்சிகளை மாற்றிப் போடுகிறார்கள். சிலர் வாயைத் திறந்து ஊட்டிவிடவே முயல்கிறார்கள். ஆனால், பல நேரங்களில் சிக்கல் இரையில் இல்லை. கூண்டுக்கு மேலே எரியும் விளக்கில்தான் இருக்கிறது.

வளர்ந்த பியர்டட் டிராகன் சில நாள் சாப்பிடாமல் இருந்தாலும் தாக்குப்பிடிக்கும். குட்டி அப்படி அல்ல. பிறக்கும்போது சுமார் 10 சென்டிமீட்டர் நீளமே இருக்கும் இது, ஓராண்டுக்குள் கிட்டத்தட்ட முழு வளர்ச்சியை எட்டிவிடும். அவ்வளவு வேகமாக வளரும் உடலில் சேமிப்பு என்று பெரிதாக எதுவும் இருக்காது. அதனால்தான் காரணத்தைச் சீக்கிரம் கண்டுபிடிப்பது முக்கியமாகிறது.

எங்கிருந்து வந்த பிராணி இது?

பியர்டட் டிராகனின் சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்பகுதி. நம் ஊர் வேலியில் தலையாட்டும் ஓணானும் இதுவும் 'அகாமிடே' என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. கோபம் வந்தால் கழுத்துப் பகுதி உப்பிக் கறுத்து, தாடி போலத் தெரிவதால் இந்தப் பெயர். ஆஸ்திரேலியா தனது காட்டு ஊர்வனவற்றை வணிகத்துக்காக உயிருடன் ஏற்றுமதி செய்ய அனுமதிப்பதில்லை. மற்ற நாடுகளில் செல்லப்பிராணியாக விற்கப்படுபவை பெரும்பாலும் கூண்டுகளில் இனப்பெருக்கம் செய்யப்பட்டவை. ஆனால், எத்தனை தலைமுறை கூண்டில் பிறந்தாலும் அதன் உடல் கேட்பது அந்தப் பாலைநில வெயிலைத்தான்.

பசிக்கும் வெப்பத்துக்கும் என்ன தொடர்பு?

காலையில் ஓணான் என்ன செய்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? முதலில் வெயில் படும் இடமாகப் பார்த்து உட்காரும். உடல் சூடான பிறகுதான் இரை தேடக் கிளம்பும். பியர்டட் டிராகனும் அப்படித்தான். அதன் உடலால் தானாக வெப்பத்தை உருவாக்கிக்கொள்ள முடியாது. வெளியிலிருந்து வெப்பம் கிடைக்காவிட்டால் செரிமானம் மந்தமாகும், பசி அடங்கிவிடும். அந்த நிலையில் இரையை உள்ளே தள்ளினாலும் அது செரிக்காமல் வயிற்றிலேயே கெட்டுப்போகலாம்.

குட்டி வெயில் காயும் இடம் சுமார் 38 முதல் 42 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். கூண்டின் மறுமுனை 25 முதல் 29 டிகிரி வரை இருந்தால் போதும். சூடு அதிகமானால் அது அங்கே ஒதுங்கிக்கொள்ளும். 'ரூமே சூடாத்தான் இருக்கு' என்று விட்டுவிடக் கூடாது. 32 டிகிரி உள்ள அறை நமக்குப் புழுக்கம். ஆனால், இதற்கு அது போதாது.

கண்ணாடியில் ஒட்டும் வட்ட வெப்பமானிகள் பெரும்பாலும் சரியாகக் காட்டுவதில்லை. கம்பி முனை உள்ள டிஜிட்டல் வெப்பமானியை அல்லது இன்ஃப்ராரெட் வெப்பமானியை எடுத்து, குட்டி உட்காரும் இடத்திலேயே அளக்க வேண்டும். அடியிலிருந்து சூடாக்கும் 'ஹீட் ராக்' கற்களைத் தவிர்ப்பது நல்லது. வயிற்றில் தீக்காயம் ஏற்பட அவை காரணமாகின்றன.

யுவிபி விளக்கு எரிந்தாலும் வேலை செய்கிறதா?

வெப்பம் மட்டும் போதாது. யுவிபி எனப்படும் புற ஊதாக் கதிரும் தோலில் பட வேண்டும். அப்போதுதான் உடல் வைட்டமின் டி3-ஐ உருவாக்கும். அந்த வைட்டமின் இல்லாமல் உணவிலுள்ள கால்சியம் உடலில் சேராது. எலும்புகள் மெலிந்து, தாடை மென்மையாகிவிடும். மெல்லவே வலித்தால் எந்தப் பிராணிதான் சாப்பிடும்?

இதில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. யுவிபி கதிர் நம் கண்ணுக்குத் தெரியாது. விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டே இருக்கும், உள்ளே கதிரின் வீரியம் குறைந்திருக்கும். அதனால் வகையைப் பொறுத்து 6 முதல் 12 மாதங்களுக்கு ஒருமுறை விளக்கை மாற்றியே ஆக வேண்டும். ஜன்னல் ஓரம் வைத்தால் போதும் என்பதும் தவறு. சாதாரணக் கண்ணாடி யுவிபி கதிரைத் தடுத்துவிடும்.

வெப்பமும் வெளிச்சமும் சரி, இன்னும் சாப்பிடவில்லையா?

புது இடம்: வீடு மாறிய அதிர்ச்சியில் முதல் ஒன்றிரண்டு வாரம் குறைவாகச் சாப்பிடலாம். அந்த நாட்களில் அடிக்கடி கையில் எடுப்பது, வீட்டுக்கு வருபவர்களிடம் எல்லாம் காட்டுவது வேண்டாம்.

கூட்டாளி: ஒரே கூண்டில் இரண்டு குட்டிகள் இருந்தால், பெரியது சின்னதை மிரட்டும். வால் நுனியையும் விரல்களையும் கடித்துவிடுவதும் உண்டு. தனித்தனியாக வைப்பதே தீர்வு.

இரையின் அளவு: குட்டியின் இரு கண்களுக்கு இடையே உள்ள தூரத்தைவிடப் பூச்சி பெரிதாக இருக்கக் கூடாது. பெரிய பூச்சி குடலை அடைத்துவிடலாம். கூண்டில் மணல் பரப்பியிருந்தால் அதையும் விழுங்கி அடைப்பு வரலாம். குட்டிக்குக் காகிதத் துண்டு விரிப்பே பாதுகாப்பு.

தோல் உரிதல்: உரியும் நாட்களில் பசி குறைவது இயல்பு.

கீரை: பூச்சியை ஓடிப் பிடித்துத் தின்னும் குட்டி, கீரையை மட்டும் தொடவில்லை என்றால் பயப்படத் தேவையில்லை. இந்த வயதில் அதன் முக்கிய உணவு பூச்சிகள்தான். ஆனாலும் தினமும் கீரையைப் பொடியாக நறுக்கி வைத்துப் பழக்க வேண்டும்.

எப்படிக் கொடுப்பது?

காலையில் விளக்கு போட்டு, குறைந்தது ஒரு மணி நேரம் வெயில் காய்ந்த பிறகு இரை கொடுக்கலாம். சுவர்க்கோழி எனப்படும் கிரிக்கெட் பூச்சி, டூபியா கரப்பான் ஆகியவற்றின் சிறியவற்றில் கால்சியம் பொடியைத் தூவி, ஒரு நாளைக்கு 2 அல்லது 3 வேளை, 10 முதல் 15 நிமிடங்களில் தின்னும் அளவுக்குப் போட வேண்டும். மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். விட்டுவைத்தால் இரவில் அந்தப் பூச்சிகளே குட்டியைக் கடிக்கும். மூக்கு நுனியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டால் நக்கிக் குடிக்கும்.

தோட்டத்தில் பிடித்த பூச்சிகள் வேண்டாம். பூச்சிமருந்து கலந்திருக்கலாம். மின்மினிப் பூச்சி கொடுக்கவே கூடாது. ஒன்றே ஒன்று போதும், உயிரைப் பறித்துவிடும். அவகாடோவும் ஆபத்து.

வாயைத் திறந்து ஊட்டலாமா?

மருத்துவர் சொல்லாமல் கூடாது. மென்மையான தாடை காயப்படலாம். திரவ உணவு மூச்சுக்குழாய்க்குள் போய்விடவும் வாய்ப்பு உண்டு.

எப்போது மருத்துவரிடம் ஓட வேண்டும்?

வெப்பம் சரியாக இருந்தும் குட்டி இரண்டு, மூன்று நாட்களாக எதையுமே தொடவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். கண்கள் குழிவிழுவது, எடை குறைவது, கை கால் நடுங்குவது, தாடை வீங்குவது, பின்னங்கால்களை இழுத்து நடப்பது, துர்நாற்றத்துடன் கழிச்சல் போன்றவை தெரிந்தால் அன்றே போக வேண்டும். 'குளிர்காலத் தூக்கமா இருக்கும்' என்று ஓராண்டு நிரம்பாத குட்டி விஷயத்தில் நினைத்துவிடக் கூடாது.

ஊர்வனவற்றுக்குச் சிகிச்சை அளித்துப் பழகிய கால்நடை மருத்துவரைத் தேடுங்கள். புதிய கழிவு மாதிரியைக் கையோடு எடுத்துச் சென்றால், குடல் ஒட்டுண்ணிகள் இருக்கின்றனவா என்று பார்த்துவிடலாம். எடை, வெப்ப அளவு, விளக்கு வாங்கிய தேதி ஆகியவற்றையும் குறித்துச் செல்லுங்கள். மருத்துவர் முதலில் கேட்கப்போவது அவற்றைத்தான்.

வீட்டில் இருப்பவர்களும் கவனம்

பியர்டட் டிராகன் ஆரோக்கியமாகத் தெரிந்தாலும் அதன் கழிவில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். தொட்ட பிறகு சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். முத்தம் கொடுக்கக் கூடாது. கூண்டுச் சாமான்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது. 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், முதியவர்கள், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் தொடாமல் இருப்பது நல்லது.

ஆக, குட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டால் முதலில் கையில் எடுக்க வேண்டியது வெப்பமானி. அடுத்தது எடைத் தராசு. இரண்டும் சரியாக இருந்தும் தட்டு காலியாகவில்லை என்றால், அடுத்த போன் மருத்துவருக்கு.